கராஜ் தேத்தண்ணி

இந்தத் தேத்தண்ணி நன்றாக இருக்கிறது என்று சொல்ல எனக்கு விருப்பம்தான். ஆனால் பொய் சொல்லக்கூடாது என்று சற்று முன்னர்தான் எச்சரித்தீர்கள். சுடுதண்ணீருக்குள் தேயிலைப் பையைக் காட்டிவிட்டு எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். இதை அந்தப் பொலிஸ் அதிகாரிக்கு மொழிபெயர்க்க வேண்டாம், பிள்ளை. அவர்தான் போட்டுக்கொண்டு வந்தவர், மனம் நோகும். நான் யாருடைய மனமும் நோகக்கூடாது என்று நினைக்கிறவன். இந்த விஷயம் முழுவதும் அதில்தான் தொடங்கியது.

உங்கள் பெயர் மனோரமா என்றீர்கள். பேச்சைப் பார்த்தால் மலேசியாக்காரர். நாங்கள் யாழ்ப்பாணத்தார் நாற்காலியைக் கதிரை என்போம், சமையலறையைக் குசினி என்போம். வேறு ஏதும் விளங்காவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள்.

"அங்கிள், கொஞ்சம் மெதுவா சொன்னா போதும். நான் ஒண்ணொண்ணா அவருக்குச் சொல்லணும்," என்கிறீர்கள். சரி. எனக்கும் அவசரமில்லை, இனி எங்கே போகப்போகிறேன்.

கூண்டில் இருந்த கிளி ஏன் அன்றைக்குக் குசினிக்குள் வந்தது என்பது அதிகாரியின் முதல் கேள்வி. நல்ல கேள்வி. மற்ற எல்லோரும் யோகேஸ்வரனைப் பார்த்து அழுதுகொண்டு நின்றபோது இந்த மனிதர் மட்டும் கிளியைப் பார்த்திருக்கிறார். அதற்குப் பதில் சொல்கிறேன், ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியவை இருக்கின்றன.

யோகேஸ்வரனை நான் யோகன் என்றுதான் கூப்பிடுவேன். ஒரே வகுப்பில் படித்தோம். அவனுக்கு எஞ்சினியர் படிப்புக் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. நாட்டை விட்டு ஓடி வந்தபிறகு இருவரும் மெல்பேர்னில் ஒரே நிலையில்தான் நின்றோம். அவனுடைய பட்டத்தை இங்கே ஒருவரும் மதிக்கவில்லை. ஒரு கார்த் தொழிற்சாலையில் பெயின்ற் அடிக்கிற பகுதியில் சேர்ந்தான். நான் ஹியூம் நெடுஞ்சாலையில் ஒரு பெற்றோல் நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிற வேலையில் சேர்ந்தேன். அவனுக்கு வேதவல்லி வந்தாள், கிரெய்கிபர்னில் வீடு வந்தது. எனக்கு வேலை மட்டும் அப்படியே இருந்தது.

தொண்ணூற்றிரண்டில் அந்தத் தொழிற்சாலை ஆட்களைக் குறைத்தது. யோகனுக்கு வேலை போனது. பெயின்ற் நெடியில் நின்று நின்று மணம் அறிகிற சக்தி அதற்கு முன்னரே போய்விட்டது. மல்லிகைப்பூவை மூக்கில் வைத்தாலும் தெரியாது, கறி கருகினாலும் தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

வேலை போனபின் அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்துவிட்டான். சவரம் கிடையாது, குளிப்புக் கிடையாது. வேதவல்லி ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்து வீட்டை ஓட்டினாள். நான் வேலை முடிந்ததும் பாண், அதுதான் ரொட்டி, வாங்கிக்கொண்டு போவேன். கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு எதையாவது கதைப்பேன். ஒருநாள் வாசலில் வைத்து வேதவல்லி சொன்னாள்: "சச்சி அண்ணை, நீங்கள் வந்தாத்தான் இவர் எழும்பி இருக்கிறார். நீங்கள் இல்லையெண்டா நான் என்ன செய்வனோ தெரியாது." என் பெயர் சச்சிதானந்தன், இந்த நாட்டில் அதை முழுவதுமாகச் சொல்கிறவர்கள் இல்லை. என்னிடம் இப்படி ஒரு வார்த்தை வேறு யாரும் சொன்னது கிடையாது. அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குச் சந்தோசமாக இருந்தது.

பிறகு ஒருநாள் அவன் தானாகவே எழுந்தான். கராஜில் பழைய ஜெமினி கார் ஒன்று கிடந்தது, பெற்றோல் அளவு காட்டுகிற முள் வேலை செய்யாத கார். அதன் எஞ்சினைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"மச்சான், இதுக்குள்ளை போற பெற்றோலிலை பெரும்பங்கு வீணாய்ப் போகுதடாப்பா. காத்தைக் கூட்டிப் பெற்றோலைக் குறைச்சால் மிச்சம் பிடிக்கலாம். ஆனா அப்பிடிக் குறைச்சால் நெருப்புப் பத்தாது, எஞ்சின் விக்கும். அதுதான் சிக்கல்."

அதற்கு அவன் கண்டுபிடித்த வழி எனக்கும் விளங்கியது. சிலிண்டரின் தலையில், நெருப்புப் பொறி விழுகிற இடத்தில், இன்னொரு சின்ன அறை குடைந்தான். அதற்குள் மட்டும் நல்ல கொழுத்த கலவை. வெளியே எல்லாம் காற்று மிகுந்த மெலிந்த கலவை. சின்ன அறை முதலில் பற்றி, பெரிய அறையைப் பற்றவைக்கும். சுள்ளியைக் கொளுத்தி விறகைப் பிடிக்கவைக்கிற மாதிரி. பெரிய கம்பனிகள் இதைப் பற்றி யோசித்திருக்கின்றன என்று அவனே சொன்னான். ஆனால் பழைய காருக்கு, வீட்டில் வைத்து, குறைந்த செலவில் பூட்டக்கூடிய மாதிரி ஒருவரும் செய்யவில்லையாம். மாதக்கணக்காக அதோடு கிடந்தான். சவரம் செய்தான், சிரித்தான். வேதவல்லி மறுபடியும் புடவை கட்டிக் கோயிலுக்குப் போனாள். நான் சாவி எடுத்துக் கொடுப்பேன், வெளிச்சம் பிடிப்பேன். பெரிய உதவி என்று சொல்லமாட்டேன், ஆனால் நான் தினமும் போனேன்.

இனி அந்தப் பரிசோதனை. காரின் பெற்றோல் தாங்கியை என் நிலையத்தில் வாய்முட்ட நிரப்புவது, சீமோர் வரை நெடுஞ்சாலையில் போய்த் திரும்புவது, மறுபடியும் வாய்முட்ட நிரப்புவது. இரண்டாம் தரம் எவ்வளவு பிடிக்கிறதோ அவ்வளவுதான் எரிந்திருக்கிறது. இதில் பிழைவிட இடமில்லை என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

இடம் இருந்தது. திரும்பி வருகிற வழியில் முதலில் வருவது யோகனின் வீடு. வெள்ளைக்காரன் என்றால் நேரே பம்புக்குப் போய் நிரப்பிவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். எங்களுக்கு அது முடியாது. வேதவல்லி வாசலில் நிற்பாள். புட்டும் முட்டைப்பொரியலும் மேசையில் இருக்கும். நெடுந்தூரம் போய்விட்டு வருகிறவர்கள் வீட்டைத் தாண்டிப் போனால் அவள் விடுவாளா. சாப்பிட்டு, தேத்தண்ணி குடித்து, காலை நீட்டி இருந்துவிட்டுத்தான் பம்புக்குப் போவோம். அவ்வளவு நேரமும் கார் கராஜில் தனியாக நிற்கும். ஒரு விஞ்ஞானப் பரிசோதனைக்கு நடுவே இப்படிப் புட்டுச் சாப்பிடுகிறவர்கள் எங்கள் ஆட்களாகத்தான் இருப்பார்கள்.

முதல் தடவை நான் ஒன்றும் செய்யவில்லை. பம்பில் வந்த எண்ணை யோகன் பார்த்தான். பழைய எஞ்சின் குடித்த அளவு அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்து ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் குந்தியிருந்தான். அந்த முகத்தை நான் கட்டிலில் பார்த்திருக்கிறேன். எனக்குப் பயம் வந்தது. உண்மையாகவே வந்தது, பிள்ளை.

அடுத்த பரிசோதனையில், அவன் கை கழுவப் போன நேரம், சிகரெட் குடிக்கப் போகிறேன் என்று கராஜுக்குள் போனேன். என் காரில் ஒரு சிவப்புக் கான், பெற்றோல் தகரம், இருந்தது. அதிலிருந்த பெற்றோலை ஜெமினியின் தாங்கிக்குள் ஊற்றினேன், கொஞ்சம்தான். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து புட்டுச் சாப்பிட்டேன்.

பம்பு சீக்கிரமே நின்றது. யோகன் எண்ணைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி எண்ணைப் பார்த்தான். "மச்சான்!" என்று என்னைக் கட்டிப்பிடித்தான். பம்புக்குப் பக்கத்தில், வரிசையில் நின்ற லொறிக்காரர்கள் எல்லாம் பார்க்க. அந்த வயதுவரை என்னை யாரும் கட்டிப்பிடித்ததே இல்லை. நான் பிழை செய்ததாக அப்போது எனக்குத் தோன்றவில்லை. இப்போதும் தோன்றவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மருந்தோடு கொஞ்சம் சீனி கொடுக்கிறோம். அதுதான் நான் செய்தது.

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. ஒரு வாரம் ஊற்றி மறு வாரம் ஊற்றாமல் விட்டால் எண் மாறும், அவன் மண்டையை உடைப்பான். ஆகவே ஒவ்வொரு பரிசோதனைக்கும் நான் இருக்க வேண்டியதாயிற்று. என் விடுமுறைகளை அதற்கேற்ற மாதிரி எடுத்தேன். அவன் எஞ்சினை மாற்றி மாற்றித் திருத்தினான், நான் ஊற்றினேன். இருவருமாகச் சேர்ந்து அந்தக் காரை ஓட்டினோம் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஊருக்குள் கதை பரவியது. கோயிலில், பிறந்தநாள் விழாவில் எல்லாம் இதே பேச்சு. சனங்கள் பார்க்க வந்தார்கள். சிலர் என்னிடம் தனியாகக் கேட்பார்கள், எவ்வளவு மிச்சம் என்று. நான் எண்ணைச் சொல்வேன். யோகன் சிரித்துக்கொண்டு, "சச்சி சொல்லுறதிலை பாதியை நம்புங்கோ," என்பான். எவ்வளவு அடக்கமான மனிதன் என்று வந்தவர்கள் மெச்சுவார்கள். நானும் அதை அடக்கம் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

வந்தவர்களுக்கு அவன் ஒரு வித்தை காட்டுவான். அதற்குக் கராஜ் தேத்தண்ணி என்று பெயர் விழுந்துவிட்டது. காரைக் கராஜுக்குள் விட்டு எஞ்சினை ஓடவிடுவான். கராஜ் கதவை இறக்கிப் பூட்டுவான். வேதவல்லியின் பச்சைக்கிளியைக் கூண்டோடு கொண்டுபோய்க் காரின் பின்பக்கம், புகைக்குழாய்க்கு மேலே கொளுவிவிடுவான். பட்ஜி என்று இங்கே சொல்கிற சின்னக் கிளிதான், ராசாத்தி என்று பெயர். பிறகு முன் சீற்றில் ஏறியிருந்து, ஒரு கோப்பைத் தேத்தண்ணியை ஆறுதலாகக் குடிப்பான். விருந்தாளிகள் குசினிப்பக்கக் கதவுக்கு வெளியே நின்று பதறுவார்கள். வேறு காரென்றால் அந்தப் புகை ஆளைக் கொன்றுவிடும். இவன் எஞ்சினில் பெற்றோல் முழுவதும் எரிந்துவிடுவதால் நச்சுப் புகை இல்லையென்று சொல்லலாம். கோப்பை முடிந்ததும் கிளியோடு வெளியே வருவான். கிளி கீச்சிட்டுக்கொண்டிருக்கும். எல்லோரும் கைதட்டுவார்கள். விசர்த்தனம், பைத்தியக்காரத்தனம் என்று வேதவல்லி ஏசுவாள், ஆனால் அடுத்த தடவையும் அவள்தான் தேத்தண்ணி போட்டுக் கொடுப்பாள்.

புகை சுத்தமாக இருந்தது உண்மை. அதில் என் கை எதுவும் இல்லை. மிச்சம் பிடிக்காத எஞ்சின் எப்படி இவ்வளவு சுத்தமாக எரிகிறது என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை.

இந்த வருடம் ஒரு பல்கலைக்கழகத்துக்காரர் கேள்விப்பட்டு வந்து பார்த்தார். அவர்களிடம் எஞ்சின்களைப் பரிசோதிக்கிற கூடம் இருக்கிறதாம். காரை உருளைகளின் மேலே ஏற்றி, நின்ற இடத்திலேயே ஓடவிட்டு, தங்கள் சொந்தப் பாத்திரத்திலிருந்து பெற்றோலைக் கொடுத்து அளப்பார்களாம். யூலை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை குறித்தார்கள். அங்கே புட்டுக் கிடையாது. வாசலில் வேதவல்லி கிடையாது. நான் உள்ளே போகவும் முடியாது.

இப்போது என் நிலையை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும். ஊர் முழுவதும் பேசிய எஞ்சின். திங்கட்கிழமை ஒரு வெள்ளைக்காரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இதில் ஒன்றும் இல்லை," என்று சொல்லப்போகிறான். யோகன் வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்துப் படுப்பான். இந்தத் தடவை எழும்பமாட்டான். வெட்கம் தாங்கமாட்டாத மனிதன் அவன், எனக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் உயிரோடு இருந்து அழுகுவதைவிட, தன் எஞ்சின் வென்றுவிட்டது என்ற நினைப்போடு, கையில் தேத்தண்ணியோடு போவது நல்லது என்று முடிவெடுத்தேன். நோகாது. நித்திரை மாதிரி வரும் என்று சொல்கிறார்கள். நான் அவனுக்குச் செய்த கடைசி உதவி என்று அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அழாதீர்கள், பிள்ளை. நீங்கள் அழுதால் அதிகாரிக்கு யார் சொல்வது?

திங்களுக்கு முந்திய சனிக்கிழமை. சிட்னியில், மெரிலேண்ட்ஸில், காருக்குரிய உதிரிப்பாகங்கள் விற்கிற வரதராஜா என்பவர் தன் கூட்டாளிகளோடு மத்தியானம் வருவதாக இருந்தது. அவர் கைகொடுத்தால் இந்த எஞ்சின் கடைக்குக் கடை போகும் என்று யோகன் நம்பினான். வித்தைக்கு முன்னால் அவன் தனியாக ஒருதரம் ஒத்திகை பார்ப்பது வழக்கம். எஞ்சின் சூடேறவும் வேண்டும், அவனுக்குப் பதற்றம் தீரவும் வேண்டும். அவன் சேர்ட் மாற்றப் போன நேரம் நான் கராஜுக்குள் போனேன்.

காற்றும் பெற்றோலும் கலக்கிற அளவை ஒரு சின்ன ஸ்குரூ ஆணியால் கூட்டலாம், குறைக்கலாம். இவ்வளவு காலமும் வெளிச்சம் பிடித்தவனுக்கு அது எங்கே இருக்கிறது என்று தெரியாதா? அதைத் திருப்பினேன். மெலிந்த கலவையைக் கொழுக்கவைத்தேன், பெற்றோல் முழுவதும் எரியாமல் புகை நஞ்சாகும், அவ்வளவுதான். வேறு ஒருவனென்றால் புகை மணத்திலேயே கண்டுபிடித்திருப்பான். யோகனுக்கு மணம் தெரியாது.

அவன் வந்து சாவியைத் திருப்பினான். எஞ்சின் அன்றைக்கு ஓடிய மாதிரி ஒருநாளும் இனிமையாக ஓடவில்லை. கொழுத்த கலவை விக்காது, பாருங்கள். அவன் தலையைச் சரித்துக் கேட்டான். "மச்சான், இண்டைக்கு இவளுக்கு என்ன, பாட்டுப் பாடுறாள்?" என்றான். சந்தோசப்பட்டான். அதை நான் கண்ணால் கண்டேன்.

கராஜ் கதவை அவனே இறக்கினான். கிளிக்கூண்டு ஏற்கெனவே புகைக்குழாய்க்கு மேலே கொளுவியிருந்தது. நான் அதைக் கழற்றி எடுத்தேன். "ஏன்ரா?" என்று கேட்டான். "ஆக்கள் வரேக்கை கொண்டு வாறன், இப்ப அது சாப்பிடட்டும்," என்றேன். கிளி என்ன பாவம் செய்தது? அது வாயில்லாச் சீவன். இதுதான் உங்கள் அதிகாரியின் கேள்விக்குப் பதில். அவன் காருக்குள் ஏறினான். நான் குசினிப்பக்கக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

வேதவல்லி அடுப்படியில் நின்றாள். "ஏன் சச்சி அண்ணை ராசாத்தியைக் கொண்டு வாறியள்?" என்று கேட்டாள். குளிர் என்றேன். கூண்டை மேசையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். அவள் எனக்குப் புட்டு வைத்தாள், மீன்குழம்பு விட்டாள். நான் சாப்பிட்டேன்.

கொஞ்சம் பொறுத்து அவள் கையைத் துடைத்தாள். "இவர் இன்னும் வரேல்லை, ஒருக்கா எட்டிப் பாத்திட்டு வாறன்," என்று கதவுப்பக்கம் திரும்பினாள். அப்போது நான், "வேதா, இன்னும் கொஞ்சம் புட்டு வையுங்கோ," என்றேன். அவள் திரும்பி வந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கிற ஆளை இடையில் விட்டுவிட்டுப் போகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. புட்டு வைத்தாள். பிறகு குழம்பு கேட்டேன். பிறகு சம்பல். பிறகு தேத்தண்ணி. கேட்கக் கேட்க அவள் முகத்தில் ஒரு மலர்ச்சி, ஏனென்றால் நான் அந்த வீட்டில் வாய் திறந்து எதையும் கேட்டவனில்லை. அவளுக்குத் தெரியாத ஒன்றை இப்போது சொல்லலாம். எனக்குப் புட்டு அவ்வளவு விருப்பமில்லை, தொண்டையில் அடைக்கும்.

வாசல் மணி அடித்தது. வரதராஜாவும் கூட்டாளிகளும் நேரத்துக்கு வந்துவிட்டார்கள். வேதவல்லி சிரித்துக்கொண்டு போய் அவர்களைக் கூட்டி வந்தாள், "உள்ளைதான் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருக்கிறார்," என்று சொல்லிக்கொண்டே கராஜ் கதவைத் திறந்தாள். அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவள் கத்தியதை நான் சொல்லவேண்டியதில்லை.

ஒன்றுமட்டும் எனக்கு ஆறுதல். அவனுக்கு ஒன்றும் தெரியாது. சிவப்புக் கானும் தெரியாது, திங்கட்கிழமையும் அவன் காணவில்லை. வென்றவனாகவே போனான்.

அதிகாரி என்ன சொல்கிறார்? பரிசோதனைக் கூடத்தின் அறிக்கை வந்துவிட்டதா? அந்த ஆணியைப் பழைய இடத்துக்குக் கொண்டுபோய் ஓடவிட்டுப் பார்த்தார்களா? எஞ்சின் மிச்சம் பிடித்ததா?

கொஞ்சம்தான் என்றாலும் உண்மையான மிச்சம் என்கிறீர்கள். அவர்களுடைய பாத்திரம், அவர்களுடைய பெற்றோல். ஓம், விளங்குகிறது. இல்லை, எனக்கு ஒன்றுமில்லை. இந்தத் தேத்தண்ணியை எடுத்துவிடுங்கள், ஆறிவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறீர்கள். வேதவல்லி நேற்றுப் பேசியிருக்கிறாள். யோகனுக்கு எல்லாம் தெரியும் என்று சொல்லியிருக்கிறாள். முதல் மாதமே தெரியுமாம். அவனுக்கு மணம் தெரியாது, ஆனால் அவளுக்குத் தெரியுமே. சிகரெட் குடிக்கப் போய் வருகிற சச்சி அண்ணையின் கையில் சிகரெட் மணக்கவில்லை, பெற்றோல் மணக்கிறது, வேலைக்கே போகாத நாளிலும் மணக்கிறது என்று கண்டுபிடித்துப் புருசனிடம் சொல்லியிருக்கிறாள். அந்தச் சனிக்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, அவன் என்னிடம் அதைப் பக்குவமாகச் சொல்வதாக இருந்தானாம். சொன்னானா இல்லையா என்று அதிகாரி கேட்கிறார். இதுதான் கடைசிக் கேள்வி என்கிறீர்கள்.

சொன்னான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம். வேதவல்லி வேலைக்குப் போயிருந்தாள். கராஜில் நாங்கள் இரண்டு பேரும்தான். அவன் தானே தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்து என்னிடம் ஒன்றைத் தந்தான். காரின் முன்மூடியைத் திறந்து, உள்ளே ஒரு கண்ணாடிப் போத்தலைக் காட்டினான். நான் வேலையில் நின்ற நேரங்களில் அந்தப் போத்தலிலிருந்துதான் எஞ்சினுக்குப் பெற்றோல் கொடுத்து உண்மையான அளவு பார்த்திருக்கிறான்.

"முதல் முதல் ஒண்டும் மிச்சம் இல்லைத்தான் மச்சான். பிறகு திருத்தித் திருத்திப் பிடிச்சிட்டன். கொஞ்சம்தான். ஆனா உண்மை. திங்கக்கிழமை அதைத்தான் காட்டப் போறன்," என்றான். பிறகு என் தோளில் கையைப் போட்டான். "இனி நீ அந்தச் சிவப்புக் கானைக் காவிக்கொண்டு திரியத் தேவையில்லையடாப்பா."

ஏன் இவ்வளவு காலமும் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

அவன் சிரித்தான். நக்கல் சிரிப்பில்லை, நல்ல சிரிப்பு. "நீ ஒருத்தரும் இல்லாத மனுசன். வாறதுக்கு உனக்கொரு சாட்டு வேணும், ஒரு காரணம் வேணும். பாவம், ஊத்திப்போட்டுப் போகட்டும், விடுங்கோ எண்டு வேதாவும் சொன்னவள். இனிச் சாட்டு ஒண்டும் வேண்டாம் மச்சான். சும்மா வா. வந்து சாப்பிட்டுப் போ."

ஓம் என்றேன். தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன். நல்ல தேத்தண்ணி. நாளைக்கு வாறன் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டேன், மறுநாள் போனேன்.

வெட்கம் தாங்கமாட்டாத ஒருவனைப் பற்றி இவ்வளவு நேரமும் உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், பிள்ளை. அது யோகன் இல்லை. அவன் தொழிற்சாலையையும் தாங்கினான், சுவரையும் தாங்கினான், என்னையும் தாங்கினான். தாங்கமாட்டாதவன் சனிக்கிழமை அவனுடைய குசினியில் இருந்துகொண்டு, இன்னும் கொஞ்சம் புட்டு வையுங்கோ என்று கேட்டுக்கொண்டிருந்தான்.